வெள்ளவத்தையில் ஒரு பழைய வீடும் பழைய மரமும்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. ஓட்டுக்கூரையோடு மிஞ்சியிருப்பது எங்களுடையது மட்டும்தான். அம்மாவின் அப்பா 1950களில் வாங்கிய வீடு. கட்டியது அதற்கும் முன்னால். கபுக் கல் (செம்புரைக்கல்) சுவர், சுண்ணாம்புச் சாந்து, கள்ளிக்கோட்டை ஓடு, முன்னால் ஒரு விறாந்தை.

2022 தொடக்கத்தில் விறாந்தைப் பக்கத்து யன்னல் கதவொன்று பிணைச்சலோடு கழன்று விழுந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லா மரத்தையும் கழற்றி எறிந்துவிட்டு அலுமினியம் போடலாம் என்றார். விலையும் எழுதித் தந்தார். நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அவர் தந்த விலையும் அதோடு ஏறியது. அந்தக் காசு எங்களிடம் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். கிழமைக்கு இரண்டு நாள் மொறட்டுவையில் இருந்து ஒரு தச்சு பாஸ், அதாவது கைதேர்ந்த தச்சர், வருவார். மற்ற நாட்களில் எங்கள் கைவேலை. மூன்று வருடமாகியும் முழுதாக முடியவில்லை. ஆனால் மழைக்காலத்தில் இப்போது வாளி வைப்பதில்லை.

முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்பே மரம் வாங்கப் போய்விட்டோம். மொறட்டுவைப் பக்கம் பழைய வீடு உடைத்த மரங்களைக் குவித்து விற்கும் இடங்கள் உண்டு. கதவு, நிலை, உத்தரம், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் வெயிலிலும் மழையிலும் அடுக்கிக் கிடக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிற்கவில்லை. தடித்த நிலைகள் ஆறு, பலகை ஒரு லொறிப் பாதி. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாஸ் எங்கள் யன்னல் சட்டத்தில் கத்தி முனையால் பெயின்டைச் சுரண்டினார். ஏழெட்டுப் படைக்குக் கீழே தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. மூக்கருகே வைத்துப் பார்க்கச் சொன்னார். பழைய தோல் பையின் மணம். "மிஸ், இது பர்மா தேக்கு. இதை எறிஞ்சிட்டு அதைப் போடவா வாங்கினீங்க?" என்றார். வாங்கிய ஆறு நிலைகளில் நான்கு இன்றும் பின் கொட்டிலில் கிடக்கின்றன.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். எந்த மரத்தையும் கழற்றும் முன்பு பெயர் கண்டுபிடிப்பது, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது, பிறகு கொப்பியில் எழுதுவது. இரண்டு மாதம் இதிலேயே போனது. வேலை எதுவும் நடக்காத இரண்டு மாதம் போலத்தான் இருந்தது. ஆனால் முழு வேலையிலும் எங்களுக்கு அதிகம் காசு மிச்சம் பிடித்துத் தந்தது அந்தக் கொப்பிதான். 22 யன்னல் சட்டங்களில் மாற்ற வேண்டியிருந்தவை மூன்று.

பெயர் கண்டுபிடிப்பது நினைத்த அளவு கடினம் இல்லை. பலா மரம் வெட்டிய புதிதில் நல்ல மஞ்சள். பிக்குமாரின் துவராடைக்குச் சாயம் எடுத்ததும் அதன் வைரத்தில், அதாவது நடுவில் இறுகிய பகுதியில் இருந்துதான். வருடம் போகப் போக அது சிவந்து கபில நிறமாகும். மேலே ஓரிடத்தைச் சீவினால் உள்ளே மஞ்சள் திரும்பவும் தெரியும். தேக்கு தொட்டால் மெல்லிய எண்ணெய்ப் பசை, அந்தத் தோல் மணம். முதிரை தூக்கும்போதே தெரிந்துவிடும். ஏறக்குறையத் தண்ணீரின் கனம். சீவினால் பட்டுத் துணி போல அலை அலையாக மின்னும். பேராதனையில் மகாவலிக்கு மேலே 1833இல் முதிரை மரத்தாலேயே ஒரு பாலம் கட்டி, அது 1905 வரை நின்றது. ஆணி இல்லாமல், ஒரு மரத்தில் பொளி என்ற துளையும் மற்றதில் அதற்குள் இறங்கும் கழுந்துமாகப் பொருத்தியது. கூரை ஓடுகளைத் தாங்கும் எங்கள் வீட்டுக் கைமரங்களும் முதிரைதான் என்று தெரிந்தபோது எனக்கு அந்தப் பாலத்தின் நினைவுதான் வந்தது.

முதிரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் தூள் தோலுக்கு ஆகாது. முதல் நாள் அரைக்கைச் சட்டையோடு நின்று தேய்த்தேன். இரவுக்குள் முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. மூன்று நாள் எரிவு. அதன் பிறகு முழுக்கைச் சட்டை, முகமூடி, வேலை முடிந்ததும் குளிப்பு. பழைய பெயின்டுக்கும் இது பொருந்தும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கக் கூடும் என்பதால் உலர்ந்தபடி தேய்க்கவோ நெருப்பால் சுடவோ கூடாது. நாங்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினோம். கீழே பொலித்தீன் விரித்து, சுரண்டியதைச் சுருட்டி எடுத்தோம். தம்பியின் பிள்ளைகளை அந்த நாட்களில் வீட்டுப் பக்கம் விடவில்லை.

கெட்ட மரத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த கருவி ஒரு மெல்லிய திருப்புளியும் காதும்தான். குத்திப் பார்த்தால் நல்ல மரம் முனையை உள்ளே விடாது. உளுத்தது கேக்கில் குத்துவது போல இறங்கும். தட்டினால் நல்லது கணீர் என்னும், உள்ளே கோறையானது பொத்தென்று ஒலிக்கும். ஊசித் துளைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துளைக்குக் கீழே மா போல வெளிறிய புதுத்தூள் விழுந்திருந்தால்தான் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. ஒரு கறுப்புத் துணியை விரித்து இரண்டு கிழமை விட்டுப் பார்த்தோம். வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி பெரும்பாலும் தொடுவதில்லை, ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதனால் பல பலகைகளில் ஓரத்தைச் சீவி எடுத்ததோடு பிரச்சினை முடிந்தது.

யன்னல் சட்டங்களைவிட மோசமாக இருந்தவை கதவு நிலைகளின் கால்கள். பழைய ஆட்கள் நிலையைக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தியிருந்தார்கள். பிறகு யாரோ நிலத்தை உயர்த்திச் சீமெந்து பூசியபோது கால்கள் சீமெந்துக்குள் புதைந்துவிட்டன. அந்த ஈரத்தில் கீழ் 9 அங்குலம் அழுகியிருந்தது. முழு நிலையையும் மாற்றவில்லை. அழுகியதை வெட்டி, நல்ல மரம் வரும் இடத்தில் நீளமான சரிவு வெட்டாக எடுத்து, அதே சரிவில் இன்னொரு தேக்குத் துண்டை ஒட்டி, மரக்கழுந்து அடித்தோம். வெட்டின் சரிவு வெளிப்பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போது தண்ணீர் ஒட்டுக்குள் போகாமல் வழிந்துவிடும். இது பாஸ் கற்றுத் தந்தது. முதல் ஒட்டுக்கு ஒரு முழு நாள் எடுத்தது. நாலாவதை நானும் தம்பியும் அவர் இல்லாமலே செய்தோம். அந்த மாலை எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

சுவரிலும் இதே கதைதான். கபுக் கல் மூச்சு விடும் கல். அதற்கு மேல் சீமெந்து பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழி தேடி மரத்துக்குள் போகும். நிலைகளைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்குச் சீமெந்தை உடைத்து எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். ஒரு மழைக்காலம் கடந்ததும் அந்த இடங்களில் பூஞ்சணம் நின்றுவிட்டது.

இனிக் கூரை.

முன் அறையின் சீலிங்கைக் கழற்றத் தொடங்கியபோது அம்மா வந்து வாசலில் நின்றார். "அதை ஏன் பிள்ளை கழட்டுறாய்? அது நல்லாத்தானே கிடக்கு" என்றார். ஓடு மாற்ற வேண்டும், பார்க்காமல் முடியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். இரண்டு பலகை கழன்றதும் காரணம் தெரிந்தது. வீதிப் பக்கத்துக் கைமரங்கள் ஏழும் கரியாக இருந்தன.

1983 யூலை இனக்கலவரத்தின்போது எனக்கு ஆறு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமும், பிறகு காங்கேசன்துறைக்குப் போன கப்பலும் எனக்கு நினைவிருக்கின்றன. வீட்டுக்கு என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்கு விவரமாகச் சொன்னதில்லை. முன் பக்கத்தில் நெருப்பு வைத்தார்கள், பக்கத்து வீட்டார் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள் என்பதை அன்று இரவுதான் அம்மா சொன்னார். திரும்பி வந்தபோது அப்பா ஓடுகளை மட்டும் மாற்றி, பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று கரிக்குக் கீழே சீலிங் அடித்திருக்கிறார். 39 வருடம் நாங்கள் அதற்குக் கீழேதான் படுத்தெழும்பினோம்.

ஏழையும் கழற்றி எறிவது என்றுதான் முதலில் நினைத்தேன். பாஸ் ஏணியில் ஏறி உளியால் கரியைச் செதுக்கினார். அரை அங்குலத்துக்குள் மரம் வந்துவிட்டது, சீவினால் அதே மின்னல். கனமான, இறுகிய மரம் ஒரே மூச்சில் எரிந்து போவதில்லை. வெளியே கரி ஒரு படையாகி உள்ளே இருப்பதைக் காக்கும். நெருப்பு நிமிடத்துக்கு அரை மில்லிமீற்றர் அளவில்தான் உள்ளே போகும். எங்கள் கைமரம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். போனது போக நடுவில் நல்ல மரம் நிறையவே மிஞ்சியிருந்தது.

ஆனால் இந்த இடத்தில் கண்ணையும் காதையும் மட்டும் நம்பக் கூடாது. கூரை தலைக்கு மேல் நிற்கும் பாரம். தெரிந்த பொறியியலாளர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். கரியை முழுதாகச் செதுக்கி, மிஞ்சிய அளவை ஒவ்வொன்றாக அளந்து தரச் சொன்னார். ஐந்து அப்படியே இருக்கலாம், இரண்டுக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு மரத்தைச் சேர்த்து போல்ட் போட வேண்டும் என்றார். நான் தேவையில்லாமல் வாங்கிக் குவித்த நிலைகளில் இரண்டை அறுத்து அந்தத் துணைமரங்களைச் செய்தோம். செதுக்கிய கரியை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தேன். அம்மா அதைக் கேட்டு வாங்கி, கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை அடியில் போட்டார். அந்த அறைக்கு மீண்டும் சீலிங் அடிக்கவில்லை.

பழைய மரம் வாங்கப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். கையில் ஒரு காந்தம், ஒரு சின்ன உளி, அளவு நாடா கொண்டு போங்கள். பெயின்ட் அடித்த மரத்தை அப்படியே நம்ப வேண்டாம். நகம் அளவு இடத்தைச் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள், நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். முனைகளைப் பாருங்கள், கேடு அங்கேதான் தொடங்கும். பழைய பொளிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பத்தடி மரத்தில் நடுவே பொளி இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நாலடி மரம்தான். எங்கள் அனுபவத்தில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு கழிவில் போனது. அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். வழியில் லொறியை மறித்தால் கையில் ஒரு தாள் இருப்பது நல்லது.

காந்தம் எதற்கு என்றால் ஆணிக்கு. தலை முறிந்து உள்ளே போன ஆணி கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் ஆணி பிடுங்கியாகிவிட்டது என்று சொல்லி ஒரு மரக்காலையில் அறுக்கக் கொடுத்தோம். பாதியில் பெரிய சத்தம். ஒரே ஓர் ஆணி, வாளின் பற்கள் போய்விட்டன. அந்த வாளுக்கு நாங்கள் கொடுத்த காசில் இன்னும் நாலு நிலை வாங்கியிருக்கலாம். பிழை எங்களுடையதுதான். அதன் பிறகு ஒவ்வொரு பலகையிலும் காந்தத்தை நான்கு பக்கமும் இழுத்து, ஒட்டிய இடத்தில் சோக் வட்டம் போட்டு, தம்பி குறட்டோடு உட்கார்ந்துவிடுவான். ஒரு மாலைக்கு ஆறு பலகைதான் முடியும். அப்போது மின்வெட்டு வேறு, சீவியதெல்லாம் கைச்சீவுளியால். அதுவும் ஒரு வகையில் நல்லதாயிற்று. கைச்சீவுளி ஆணியில் பட்டால் ஒரு பல்லோடு போகும், தீட்டிக்கொள்ளலாம்.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருப்பவர்கள் இரும்புத் திருகாணி போடவே வேண்டாம். உப்புக்காற்றில் இரண்டு வருடத்தில் துருவேறி வீங்கி மரத்தைப் பிளக்கும். தேக்கில் இரும்பு பட்ட இடம் கறுத்தும் போகும். பித்தளை, இல்லையென்றால் துருப்பிடிக்காத உருக்கு. உருக்கில் 316 என்ற தரத்தைக் கேட்டு வாங்குங்கள், கடலோரத்துக்கு அதுதான் நிற்கும். பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். கழற்றிய பழைய பித்தளைப் பிணைச்சல்களைப் புளி போட்டு விளக்கித் திரும்பவும் பூட்டினோம். ஒன்றுகூடப் பழுதில்லை.

கதவுகள் எங்களுக்கு வேறொரு பாடம். பெப்ரவரி வெயிலில் குசினிக் கதவை இம்மி இடைவெளி இல்லாமல் பொருத்திப் பெருமைப்பட்டோம். ஒக்டோபர் மழை தொடங்கிய மூன்றாம் கிழமை கதவு திறக்கவில்லை. அம்மா உள்ளே, நாங்கள் வெளியே. நூறு வருடம் காய்ந்த மரமும் ஈரக்காற்றில் வீங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். அகலத்தில்தான் எல்லாம். இப்போது கதவைச் சுற்றி 3 மில்லிமீற்றர் விடுகிறோம். நடுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் சும்மா நிறுத்துகிறோம். அது தன் பாட்டில் விரிந்து சுருங்கட்டும். ஒட்டினால் வெடிக்கும்.

கறையானுக்கு மருந்து அடிக்கும் முன்பு பின்சுவரோடு சாத்திக் கிடந்த விறகையும் அட்டைப் பெட்டிகளையும் அகற்றினோம். மண்குழாய் ஏறிய பாதை முழுக்க அதற்குப் பின்னால்தான் இருந்தது. உள் மரங்களுக்கு போராக்ஸும் போரிக் அமிலமும் சுடுநீரில் கரைத்து, பூச்சு எதுவும் இல்லாத மரத்தில் இரண்டு தரம் பூசினோம். மழை படும் இடத்துக்கு இது சரிவராது, கழுவிக்கொண்டு போய்விடும். கழிவு என்ஜின் ஒயில் பூசச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உடம்புக்கும் கேடு, அதன் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது.

மினுக்கத்துக்கு முதலில் பிரெஞ்சு பொலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) செய்து பார்த்தோம். மழை நாளில் பூசியதால் அரக்கு வெள்ளையாகப் பனி படிந்தது போல ஆனது. முழுதையும் ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்து, உலர்ந்த நாள் பார்த்துத் திரும்பப் பூசினோம். வெளி யன்னல்களுக்கு வார்னிஷ் வேண்டாம் என்பது என் முடிவு. கடற்கரை வெயிலில் அது தோல் உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் தங்கும். லின்சீட் ஒயிலை (ஆளிவிதை எண்ணெய்) துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்துவிடுகிறோம், வருடத்துக்கு ஒருதரம், மார்ச் மாதத்தில். தேங்காய் எண்ணெய் இறுகாது, பிசுக்காகவே இருக்கும், தூசியைப் பிடிக்கும். இங்கே மிக முக்கியமான ஒன்று: லின்சீட் ஒயில் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நாங்கள் ஒவ்வொரு துணியையும் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டுத்தான் கை கழுவுவோம். எங்கள் வீட்டில் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்ததில்லை.

எல்லாமே பழைய மரம் இல்லை. விறாந்தையில் உட்கார ஒரு நீள வாங்கு செய்ய ஆசை. வத்தளையில் சித்தப்பாவின் காணியில் ஒரு பலா காற்றுக்கு வேரோடு சரிந்து கூரையில் சாய்ந்து நின்றது. பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது, 1951ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் போய், பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்து, கொண்டுவரவும் தாள் எடுத்தோம். அலைச்சல்தான், ஆனால் எடுக்காமல் இருக்காதீர்கள். இரண்டு அங்குலத் தடிப்பில், பட்டை ஓரத்தை விட்டு அப்படியே பலகையாக அறுத்தோம். பச்சை மரம் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காய வேண்டும். பின் கொட்டிலில் நிலத்தில் படாமல், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே அளவுச் சட்டங்கள் வைத்து, வெயில் படாமல் காற்று படும்படி அடுக்கியிருக்கிறோம். முனைகள் முந்திக் காய்ந்து வெடிக்கும் என்பதால் அங்கே பெயின்ட் பூசியாகிவிட்டது.

காய்ந்துவிட்டதா என்று அறிய அதே பலகையின் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, அதன் முனைகளுக்கும் பெயின்ட் பூசி, அடுக்கின் நடுவிலேயே வைத்திருக்கிறோம். மாதம் ஒருதரம் அதை அம்மா குசினித் தராசில் நிறுத்து, பென்சிலால் அதன் மேலேயே எழுதிவிட்டுத் திரும்ப வைப்பார். முதல் மாதம் 655 கிராம். பிறகு 630, 611, அப்படியே இறங்கி வந்தது. போன மாதம் 487. நேற்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் நிறுத்தார். 487 என்றே எழுதினார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.